அச்சு வேறு, ஆள் வேறு

கதை எழுதத் தொடங்கும் இளைஞர் பெரும்பாலும் முதலிற் கைவைப்பது காதலின் மேலேதான். இஃது இன்று நேற்று ஏற்பட்ட வழக்கமன்று. கல்லூரியொன்றிலே தமிழ் கற்பித்து வரும் எனக்கு, ஆண்டுதோறும் தமிழ்ச் சங்க மலருக்கென மாணவர் கொணரும் கைப்பிரதிகளைப் படித்துத் திருத்துவதும் ஒரு கடமையாக அமைந்துவிட்டது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக இதனைச் செய்து வருகிறேன். பஸ் வண்டியிலே கண்டு காதலித்தோர், ரியூசன் வகுப்பிலே கண்டு காதலித்தோர், தேர்த்திருவிழாக் கூட்டத்திலே கண்டு காதலித்தோர் என எத்தனையோ காதலர் என் மேசை மீது வந்து போயிருக்கின்றனர். அவர்களிற் பலர் ஒரே அச்சில் அரிந்தெடுத்த சீமெந்துக் கற்களைப் போல இருப்பர். கதாநாயகியின் கண்கள் மீனாக இருக்கும். தந்தையின் மீசை முறுக்காக இருக்கும். வெளிநாட்டு மாப்பிள்ளை தீயவனாகவே இருப்பான். இதனைக் கண்டு நான் மனம் நொந்ததில்லை. எழுதப் பழகுவோர் முதலிலே தாம் படித்ததை எழுதுவர். துணிவு வந்த பின்னரே தாம் கண்டதை எழுதுவர்.

அண்மைக் காலத்திலே அக்கட்டுகளிடையே புதியதொரு வகைக் கதை இடைக்கிடை தலைகாட்டத் தொடங்கியுள்ளது. ஓர் ஆடவன் இன்னோர் ஆடவனை நேசிப்பதைப் பொருளாகக் கொண்ட கதை அது. தன்பாலினக் காதல் என்று இன்று பத்திரிகைகள் இதனைக் குறிக்கின்றன. திரைப்படத்திலும் கைத்தொலைபேசியிலும் உலகத்துக் கதைகளையெல்லாம் கண்டு வளரும் பிள்ளைகள் இப்பொருளையும் எடுத்துக்கொள்வது வியப்பன்று. இப்படியான கதையைக் கல்லூரி மலரிலே போடலாமா என்று என்னுடன் பணிபுரியும் ஆசிரியர் சிலர் கேட்டதுண்டு. போடலாமா என்பதற்கு முன்னர், அது நன்றாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்ப்போம் என்பதே நான் அவர்களுக்குச் சொன்ன விடை. பார்த்தபோது, பஸ் வண்டிக் காதலர்க்கு இருந்த குறையே இங்கும் இருந்தது. ஆனால் இங்கே அக்குறை விளைக்கும் தீங்கு பெரிது. அதனைப் பற்றியே இக்கட்டுரை.

மூன்று அச்சுகள்

என் கைக்கு வந்த அக்கதைகளிலே பெரும்பாலும் மூன்று உருவங்களையே கண்டேன். முதலாமவன் கோமாளி. இடுப்பை ஒடித்து நடப்பான். கையை வீசிப் பேசுவான். கதாநாயகனைக் கண்டு வெட்கப்படுவான். பிறர் சிரிக்க, கதையை விட்டுப் போய்விடுவான். இவன் தமிழ்ச் சினிமாவின் நகைச்சுவைக் காட்சிகளிலிருந்து நேரே இறங்கி வந்தவன். இரண்டாமவன் கொடியவன். அவனுடைய கொடுமைக்குக் காரணம் வேறொன்றும் கூறப்படுவதில்லை. அவன் அத்தகையவன் என்பதே காரணமாகிவிடும். இவனும் படங்களிற் கண்ட பழைய முகமே. மூன்றாமவன் பிணம். நல்லவன், அழகன், கவிதை எழுதுபவன். ஆயினும் கடைசிப் பக்கத்திலே கிணற்றிலோ தண்டவாளத்திலோ இறந்து கிடப்பான். ஏன் இறந்தான் என்று எழுதியவரைக் கேட்டால், “வேறென்ன செய்யிறது, சேர்? அப்பிடித்தானே முடிக்க வேணும்?” என்பார்.

ஒருமுறை சங்கக் கூட்டத்திலே மாணவர் ஒருவர் கோமாளி வரும் கதையைப் படித்தார். மண்டபம் முழுவதும் சிரிப்பு. படித்தவரின் உள்ளத்திலே தீய எண்ணம் எதுவும் இல்லை என்பதை நான் அறிவேன். ஆயினும் அன்று நான் கதையைக் கேட்டதிலும் பார்க்கச் சிரித்த முகங்களைப் பார்த்ததே அதிகம். ஏதாவதொரு வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நாற்பது பிள்ளைகள் இருக்குமிடத்திலே, தன் மனம் மற்றவர் மனம் போல இல்லையே என்று இராக்காலத்திற் படுத்தபடி எண்ணும் பிள்ளை ஒருவனாவது இருக்கக்கூடும். அவனும் அந்தச் சிரிப்பிலே சேர்ந்துகொள்வான். சிரிக்காதிருந்தால் தன்னைக் கண்டுகொள்வார்களோ என்ற அச்சத்தினாலே மற்றவரிலும் உரக்கச் சிரிப்பான். இலக்கியம் செய்யக்கூடிய காரியமா இது? மீன்விழிக் கதாநாயகியால் எந்தப் பெண்ணுக்கும் இத்தகைய காயம் ஏற்பட்டுவிடப் போவதில்லை. கோமாளியால் ஏற்படும். தன்னைப் போன்ற வேறொருவனை எந்தக் கதையிலும் காணாத பிள்ளைக்கு அந்தக் கோமாளிதான் முதற் கண்ணாடி.

கடைசிப் பக்கத்துச் சாவு

பிணமாக முடியும் காதலன் எங்கிருந்து வந்தான் என்று தேடிப் பார்த்தால், அவன் வாழ்க்கையிலிருந்து வந்தவனல்லன், சட்டத்திலிருந்தும் பதிப்பாளரின் அச்சத்திலிருந்தும் வந்தவன் என்பது புலப்படும். ஆங்கில நாவலாசிரியர் ஈ. எம். ஃபோர்ஸ்ரர், 1913 ஆம் ஆண்டிலே ‘மோரிஸ்’ என்னும் நாவலைத் தொடங்கி அடுத்த ஆண்டு எழுதி முடித்தார். இரு ஆடவரின் காதலே அதன் பொருள். நண்பர் சிலர் மட்டும் அதனைக் கைப்பிரதியிற் படித்தனர். நூலாக வெளிவந்தது 1971 ஆம் ஆண்டிலே, ஆசிரியர் காலமாகி ஓராண்டு கழிந்த பின்னர். அரை நூற்றாண்டுக்கு மேலாக அது பெட்டியிலே கிடந்தது. 1960 ஆம் ஆண்டிலே அந்நாவலுக்கு அவர் எழுதிய பின்னுரையிலே ஒரு செய்தி உண்டு. காதலர் இருவரும் தற்கொலை செய்துகொண்டதாக முடித்திருந்தால் நூலை வெளியிடுவதிலே தொல்லை இருந்திராது. அவர்கள் இன்புற்று வாழ்ந்ததாக முடித்ததே தடையாயிற்று என்பது அதன் கருத்து. ஆயினும் அந்த இன்பமான முடிவை அவர் மாற்ற இணங்கவில்லை.

அமெரிக்காவிலும் இதே நிலைதான். 1952 ஆம் ஆண்டிலே வின் பாக்கர் என்ற புனைபெயரில் மரிஜேன் மீக்கர் என்னும் பெண் எழுத்தாளர், இரு பெண்களின் காதலைப் பற்றி மலிவுப் பதிப்பு நாவல் ஒன்றை எழுதினார். முடிவு இன்பமாக இருக்கலாகாது என்று பதிப்பாசிரியர் நிபந்தனை விதித்தார். தபாற் பரிசோதகர் புத்தகக் கட்டுகளைத் தடுத்துவிடுவர் என்ற பயமே காரணம். அதே ஆண்டிலே பற்றீஷியா ஹைஸ்மித், கிளெயர் மோர்கன் என்ற புனைபெயரில் ‘த பிரைஸ் ஒஃப் சோல்ற்’ என்னும் நாவலை வெளியிட்டார். அதிலே வரும் இரு பெண்களும் இறக்கவில்லை. மனந்திருந்தி வேறு வாழ்க்கைக்குப் போகவுமில்லை. ஒருவரையொருவர் தேடி வருவதோடு கதை முடிகிறது. அடுத்த ஆண்டு மலிவுப் பதிப்பு வந்ததும் ஆசிரியருக்குக் கட்டுக்கட்டாகக் கடிதங்கள் வந்தன. முடிவுக்காகவே நன்றி கூறியவர் பலர். தம்மைப் போன்றோர் கதையின் இறுதியிலும் உயிரோடு இருப்பதை அவர்கள் முதன்முறையாகப் படித்தனர். ஹைஸ்மித் அந்நூலைத் தம் சொந்தப் பெயரில் வெளியிட்டது 1990 ஆம் ஆண்டிலேதான்.

ஆகவே, “அப்பிடித்தானே முடிக்க வேணும்?” என்று கேட்கும் என் மாணவர், எழுபது ஆண்டுகளுக்கு முன்னர் அயல்நாட்டுத் தபாற்கந்தோர் ஒன்றிலே நிலவிய அச்சத்தைத் தம்மையறியாமலே யாழ்ப்பாணத்திலிருந்து பிரதி செய்கிறார்.

அப்படியாயின் துன்பமாக முடிக்கவே கூடாதா? அப்படியும் சொல்வதற்கில்லை. ஜேம்ஸ் போல்ட்வின் 1956 ஆம் ஆண்டிலே வெளியிட்ட ‘ஜியோவன்னியின் அறை’ என்னும் நாவலைப் பாருங்கள். பாரிஸ் நகரிலே டேவிட் என்னும் அமெரிக்கனும் ஜியோவன்னி என்னும் இத்தாலியனும் காதலிக்கின்றனர். ஜியோவன்னிக்குக் கொலைத்தண்டனை நிறைவேற்றப்படவிருக்கும் முந்திய இரவிலே, டேவிட் இருந்து நினைத்துப் பார்ப்பதாகக் கதை செல்கிறது. சாவு இங்கும் உண்டு. ஆனால் அச்சாவுக்குப் போகும் வழி ஒவ்வோர் அடியாகக் காட்டப்படுகிறது. டேவிட்டின் கோழைத்தனம், தன்னைத் தானே ஏமாற்றும் இயல்பு, ஜியோவன்னியின் வறுமை, வேலை போனமை ஆகிய எல்லாம் சேர்ந்து அந்த அழிவை விளைவிக்கின்றன. காதல் அவனைக் கொல்லவில்லை. காதலிக்க அஞ்சியவனின் கைவிடல் அவனை அந்த வழியிலே தள்ளியது. கதையிலே ஒருவன் இறந்தால், அச்சாவுக்குக் கதையினுள்ளே காரணம் இருக்க வேண்டும். எழுத்தாளருக்கு வேறு முடிவு தோன்றவில்லை என்பது காரணமாகாது.

நம் வீட்டுப் பிள்ளைகள்

இஃதெல்லாம் வெள்ளைக்காரர் கதைதானே என்று சொல்வார் உளர். போல்ட்வின் கறுப்பினத்தவர் என்பதை அவர்க்கு நினைவூட்டலாம். அதனிலும் அண்மையாக நம் நாட்டுத் தமிழர் ஒருவரையே காட்டலாம். கொழும்பிலே 1965 ஆம் ஆண்டிற் பிறந்து, 1983 ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின்னர்க் குடும்பத்தோடு கனடா சென்ற ஷியாம் செல்வதுரை, 1994 ஆம் ஆண்டிலே ‘ஃபன்னி போய்’ என்னும் ஆங்கில நாவலை வெளியிட்டார். ஒன்றோடொன்று தொடர்புடைய ஆறு கதைகளாக அது அமைந்தது. ஆர்ஜி என்னும் தமிழ்ச் சிறுவனே கதை சொல்பவன்.

அந்நூலின் தொடக்கத்திலே ஆர்ஜி, மச்சாள்மாரோடு கலியாண விளையாட்டிலே சேலை கட்டி மணப்பெண்ணாகிறான். இதுவும் அந்தக் கோமாளியின் உருவந்தானே என்று மேலோட்டமாகப் படிப்பவர் நினைக்கக்கூடும். அன்று. அவன் அவ்விளையாட்டிலே தலைவன், கற்பனை மிகுந்தவன், தன் இடத்தைப் பறிக்க வரும் மச்சாளோடு விடாப்பிடியாகப் போராடுபவன். பெரியவர்கள் ஏன் தன்னைப் பெண்பிள்ளைகளின் விளையாட்டிலிருந்து பிரிக்கின்றனர் என்று விளங்காமல் நிற்பவன். நமக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் அவனைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அவனோடு சேர்ந்து சிரிக்கிறோம். பின்னர் அவன் வளர்ந்து வேறொரு பள்ளிக்கூடத்திற் சேர்ந்து, ஷெஹான் என்னும் சிங்கள மாணவனை நேசிக்கிறான். அதிபரின் விருப்பப்படி பரிசளிப்பு விழாவிலே பாட வேண்டிய ஆங்கிலக் கவிதைகளை, ஷெஹானுக்காக வேண்டுமென்றே குழப்பிச் சொல்லுகிறான். ஒரு பையனின் அன்பு ஒரு செயலாக மாறும் இடம் அது. நாவலின் இறுதியிலே 1983 ஆம் ஆண்டு அக்குடும்பத்தின் வீட்டை எரிக்கிறது. காதலும் இனப்பகையும் பாட்டியின் கண்டிப்பும் தந்தையின் வியாபாரமும் ஒரே வீட்டினுள்ளே கிடந்து பிணைகின்றன. ஆர்ஜியின் வாழ்க்கையிலே காதல் ஓர் இழை, அது முழுத்துணியன்று.

அதே ஆசிரியர் 1998 ஆம் ஆண்டிலே வெளியிட்ட ‘சினமன் கார்டன்ஸ்’ என்னும் நாவலிலே முற்றிலும் வேறானவரைக் காண்கிறோம். காலம் 1920 களின் பிற்பகுதி; டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்த காலம். பாலேந்திரன் என்பவர் முதலியார் ஒருவரின் மகன், நடுத்தர வயதினர், மணமாகி மகனையும் உடையவர், தந்தையின் சொல்லைத் தட்டாதவர். இளமையிலே இங்கிலாந்திற் காதலித்த ஆங்கிலேயர், ஆணைக்குழு வருகையையொட்டிக் கொழும்புக்கு வருகிறார். அடங்கிக் கிடந்த வாழ்க்கை அசைகிறது. சேலை கட்டி விளையாடிய ஆர்ஜியையும், கோட்டும் தலைப்பாகையும் மலிந்த சமூகத்திலே பெருமூச்சை அடக்கிக்கொள்ளும் பாலேந்திரனையும் பக்கத்திற் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். இருவரும் தமிழர், இருவரும் கொழும்பினர், இருவரும் ஆடவரை நேசிப்பவர். அதற்குமேல் ஒற்றுமை மிகக் குறைவு. பல்வகைமை என்று இன்று பேசப்படுவது இதுதான். ஒரு முஸ்லிம், ஒரு சிங்களவர், ஒரு வறியவர் என்று பரிசளிப்பு விழாப் பட்டியல் போலப் பெயர்களை அடுக்குவதனால் அது வந்துவிடாது. ஒவ்வொருவருக்கும் ஓர் ஊர், ஒரு தொழில், ஒரு வயது, வீட்டிலே ஓர் இடம் கொடுப்பதனால் வருவது அது.

ஐந்து உரிப்பொருள்

உயர்தர வகுப்பு மாணவி ஒருவர் என்னை ஒருநாள் நன்றாக மடக்கினார். “சேர், சங்கப் பாட்டிலையும் தலைவன், தலைவி, தோழி எண்டு அச்சுத்தானே இருக்கு? அவையளுக்குப் பேர்கூட இல்லையே?” என்று கேட்டார். நல்ல கேள்வி. அகத்திணையிலே காதலரின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பிய விதி. தொல்காப்பியர் ஆண் பெண் காதலையே பேசினார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பெயரில்லாத அத்தலைவியை நாம் ஏன் மறப்பதில்லை? அவள் காத்திருக்கிறாள்; ஊடுகிறாள்; இரங்குகிறாள். அவள் எந்த இனத்தவள் என்ற முத்திரையைக் கொண்டு புலவர் பாடவில்லை. அவளுக்கு அந்த மாலைப்பொழுதிலே நேர்ந்த உணர்ச்சியைக் கொண்டு பாடினார். அச்சிலே வார்த்த பாத்திரத்துக்கு முத்திரை உண்டு, உணர்ச்சி இல்லை. அகப்பாட்டின் தலைவிக்கு உணர்ச்சி உண்டு, முத்திரை இல்லை. இதுவே வேறுபாடு என்றேன்.

அன்று முதல், இப்பொருளில் எழுத விரும்பும் மாணவர்க்கு நான் சொல்லும் வழியும் இதுதான். குறிஞ்சி முதலாகிய ஐந்திணைக்கும் உரிய கூடல், காத்திருத்தல், ஊடல், இரங்கல், பிரிதல் என்னும் ஐந்தையும் ஒரு தாளிலே எழுதுங்கள். உங்கள் கதையில் வரும் இருவரும் எங்கே சந்தித்தனர்? ஒருவர் மற்றவருக்காக எங்கே, எதைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்? எதற்காக ஊடுவர்? தாயின் மனம் நோகக்கூடாதென்று ஒருவன் பெண் பார்க்கப் போய்வந்து, அதனை மற்றவனுக்கு மூன்று நாள் கழித்துச் சொன்னால், அதைவிடப் பெரிய ஊடல் வேறென்ன வேண்டும்? எதற்காக இரங்குவர்? ஒருவனின் தந்தை இறந்துவிட்டார். மற்றவன் செத்தவீட்டுக்கு வருகிறான். உறவினரோடு முன்னே நிற்க அவனுக்கு உரிமையில்லை. பந்தல் கட்டுவோரோடும் தேநீர் கொடுப்போரோடும் நின்று, அழவேண்டியவன் அழாமல் கதிரை அடுக்குகிறான். பிரிவுக்கோ நம் ஊரிலே பஞ்சமில்லை. ஒருவனுக்கு விசா வந்துவிட்டாற் போதும். இந்த ஐந்தையும் நிரப்பிய பின்னர் கோமாளிக்குக் கதையிலே இடமேயிராது. நிரப்ப முடியாவிட்டால், அந்த ஆளை எழுத்தாளர் இன்னும் சந்திக்கவில்லை என்று பொருள்.

என்னிடம் முன்னர்ப் படித்த ஒருவர், இப்பொழுது தூரதேசமொன்றிலே வேலை செய்கிறார். தம் துணைவரோடு பதினொரு ஆண்டுகளாகச் சேர்ந்து வாழ்வதாகச் சில காலத்துக்கு முன்னர் எனக்குக் கடிதம் எழுதினார். அவர் இசைந்தமையால் இதனை இங்கே கூறுகிறேன். தங்களுக்கிடையே நடக்கும் பெருஞ்சண்டை, இரவிலே சட்டி பானை கழுவுவது யார் என்பதுதான் என்று எழுதியிருந்தார். ஊரிலிருக்கும் தாயாரோடு ஞாயிறுதோறும் தொலைபேசியிற் பேசுவாராம். அந்த மற்றவர் யார் என்று தாயார் ஒருநாளும் கேட்டதில்லை. மகனும் சொன்னதில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் தொலைபேசியை வைக்குமுன், “அந்தத் தம்பியும் சாப்பிட்டவரோ?” என்று கேட்பாராம். இவ்வளவே செய்தி. இதிலே கொலையில்லை, தற்கொலையில்லை, கோமாளித்தனமில்லை. ஆனால் ஒரு தாயின் அறிவும் அறியாமையும் அன்பும் அச்சமும் அந்த மூன்று சொற்களில் அடங்கியிருக்கின்றன. இதனை எழுதத் தெரிந்தவரே கதாசிரியர்.

எழுதப் புகுவோர் அறியவேண்டியவை

உணர்ச்சி மட்டும் போதாது. செய்தியும் சரியாக இருக்க வேண்டும். ஆடவனை நேசிக்கும் ஆடவன் வேறு, திருநங்கையாக வாழ்பவர் வேறு. ஆணாகப் பிறந்தவராகக் கருதப்பட்ட ஒருவர் தம்மைப் பெண்ணாக உணர்வது திருநங்கையர் வாழ்வு. தன்னை ஆணாகவே உணரும் ஒருவன் இன்னோர் ஆணிடம் மனம் வைப்பது தன்பாலினக் காதல். என் கைக்கு வரும் கதைகளிற் பாதி இவ்விரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிடுகின்றன. இன்னொன்று, வைத்தியரிடம் கூட்டிச் சென்று ‘குணப்படுத்தி’க் கலியாணத்தோடு மங்களமாக முடிக்கும் கதை. அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கம் 1973 ஆம் ஆண்டிலும், உலக சுகாதார நிறுவனம் 1990 ஆம் ஆண்டிலும் தன்பாலின ஈர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டன. நோயல்லாத ஒன்றைக் குணப்படுத்தியதாக எழுதுவது, இலக்கியப் பிழை மட்டுமன்று, உண்மைப் பிழையுமாம். அந்த மங்களத்திலே மனம் ஒவ்வாத மணத்துக்குள் தள்ளப்படும் பெண்ணைப் பற்றியும் அக்கதைகள் நினைப்பதில்லை.

சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். பிரித்தானியர் 1883 ஆம் ஆண்டிலே நமக்குத் தந்த தண்டனைச் சட்டக்கோவையின் 365 ஆம், 365அ ஆம் பிரிவுகள் இவ்வுறவைக் குற்றமாக்கின. 1995 ஆம் ஆண்டுத் திருத்தம் அதனைப் பெண்களுக்கும் விரித்தது. சட்டம் தந்த நாட்டிலோ, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1967 ஆம் ஆண்டிலேயே, வயதுவந்த ஆடவர் தனிமையிற் கொள்ளும் உறவு குற்றமன்று என்றாயிற்று. இந்திய உச்ச நீதிமன்றம் 2018 ஆம் ஆண்டிலே அத்தகைய தீர்ப்பை வழங்கியது. நம் நாட்டிலே இதனை நீக்கக் கொணரப்பட்ட தனிநபர் பிரேரணை அரசியலமைப்புக்கு முரணன்று என்று 2023 ஆம் ஆண்டிலே உயர்நீதிமன்றம் தீர்மானித்தது. ஆயினும் 2024 ஆம் ஆண்டிலே அப்பாராளுமன்றம் கலைக்கப்படும்வரை அது சட்டமாகவில்லை. இதனை அறிந்த எழுத்தாளர் தம் கதையிலே பொலிஸ் ஜீப்பை ஓடவிட வேண்டுமென்பதில்லை. அறை வாடகைக்கு எடுக்கும்போது இருவரும் தம்மை என்ன உறவென்று சொல்லிக்கொள்வர் என்று எண்ணினாற் போதும். அந்தச் சிறு பொய்யிலே சட்டம் முழுவதும் தெரியும்.

கோமாளியை வெறுத்து எதிர்ப்பக்கத்துக்கு ஓடிவிடுவோரும் உண்டு. அவர்கள் எழுதும் ஆடவன் மலைபோன்ற தோளினன், குறையொன்றுமில்லாதவன், எல்லோர்க்கும் உதவுபவன். இதுவும் அச்சே, புதிய அச்சு, அவ்வளவுதான். மென்மையாக நடப்பவரும் உலகில் உளர். அவர்க்கும் மானமும் சினமும் நகைச்சுவையும் உண்டு. மென்மையைக் கதையிலிருந்து விரட்ட வேண்டியதில்லை. இகழ்ச்சியை விரட்டினாற் போதும். ஃபோர்ஸ்ரர் தம் மோரிஸைக் கவிஞனாகவோ ஞானியாகவோ ஆக்கவில்லை. பங்குத் தரகு வியாபாரத்திலே ஈடுபட்டவன். சிந்தனையிலே சற்று மந்தமானவன். தன் வகுப்பைப் பற்றிய செருக்கும் உடையவன். அத்தகையவன் வேட்டைக்காடு காக்கும் வேலையாளான அலெக்கை நேசிக்கும்போது தன் செருக்கோடும் போராட வேண்டியிருக்கிறது. குறையுள்ளவனாகப் படைத்தமையாலேயே அவன் மனிதனாகிறான்.

எழுதி முடித்த பின்னர் ஒரு சோதனை செய்து பாருங்கள். கதையிலிருந்து அந்தக் காதலை மட்டும் நீக்கிவிடுங்கள். எஞ்சியிருக்கும் மனிதனை உங்களுக்குத் தெரிகிறதா? அவன் யாரிடம் கடன்பட்டிருக்கிறான், எந்தக் கறிக்கு உப்புக் குறைவென்பான், எந்தத் தம்பியோடு பேச்சில்லை என்பவை தெரிகின்றனவா? தெரிந்தால் அவன் ஆள். ஒன்றும் எஞ்சாவிட்டால் அவன் அச்சு.

பெற்றோர்க்கு ஒரு சொல்

குடும்பத்தார் படிக்கும் பத்திரிகையிலே இவற்றைப் பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். பிள்ளைகள் இதனை ஏற்கெனவே கேட்டுக்கொண்டுதான் இருக்கின்றனர்; பகிடியாகக் கேட்கின்றனர். பகிடிக்குப் பதிலாக நல்ல கதை ஒன்றைக் கேட்பதனால் எந்தப் பிள்ளையும் கெட்டுவிடாது. காதலை எழுதுவதென்றால் படுக்கையறையை எழுதுவதென்று நினைக்கவும் வேண்டா. இலைமறை காயாகச் சொல்லும் கலையிலே தமிழுக்கு ஈராயிரம் ஆண்டுப் பழக்கம் உண்டு. செத்தவீட்டிற் கதிரை அடுக்குபவனின் துயரத்தைச் சொல்ல ஓர் ஆபாசச் சொல்லும் வேண்டியதில்லை.

தம் பிள்ளை இத்தகைய கதை ஒன்றை எழுதினால், அல்லது படித்தால், உடனே அவனைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடாதீர்கள். அவன் தன் நண்பனைப் புரிந்துகொள்ள முயலலாம். தன்னையே புரிந்துகொள்ளவும் முயலலாம். எதுவாயினும், அவன் அந்தத் தாளைக் கொண்டு உங்களிடம் வரக்கூடியதாக இருந்தால், அது நீங்கள் பெற்ற பேறு. வரமுடியாத பிள்ளைகள் எங்கே போகின்றனர் என்பதை ஆசிரியராகிய நாங்கள் சிலவேளைகளில் மிகப் பிந்தியே அறிகிறோம்.

இவ்வாண்டு மலருக்கும் கதைகள் வரத் தொடங்கிவிட்டன. கடைசிப் பக்கத்திலே ஒருவரும் காரணமின்றிச் சாகாத கதை ஒன்று அக்கட்டிலே இருக்க வேண்டும் என்பதும், அதனை எழுதிய பிள்ளை தன் சொந்தப் பெயரை அதன் கீழே இடத் துணிய வேண்டும் என்பதும் என் அவா.